ஐஸ் கம்பெனிக் கை

பதினோரு வருஷமாய்க் காசிமேட்டில்
ஐஸ் பார் இழுக்கிற கை இது.
கொக்கி மாட்டி, சரித்து, மெஷினில் தள்ளி,
நொறுங்கியதை வாரிப் படகுக்கு எறிகிற கை.
மண்டை பிளக்கிற சித்திரை வெயிலிலும்
விரல் நுனி செத்தே கிடக்கும்.
'தொடாதய்யா, சில்லுனு கீது' என்று
கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள் நிரோஷா.

இந்தக் கையை நம்பி
யார் பிள்ளை கொடுப்பார்கள்?

ராயபுரம் ஆஸ்பத்திரியில்
ஆம்பளைங்க எல்லாம் மரத்தடி.
ஃபிளாஸ்க், பிளாஸ்டிக் பாய், ஒரு கட்டுப் பழைய வேட்டித் துணி.
எங்களைக் கூப்பிடுவது ரத்தத்துக்கு,
இல்லாவிட்டால் கையெழுத்துக்கு.
மூன்றாம் நாள் பிலோமினா சிஸ்டர் எட்டிப் பார்த்து
'நிரோஷா வீட்டுக்காரர் யாரு?' என்றதும்
பேனாவைத் தேடினேன்.

'சட்டையைக் கழட்டு' என்றார்.

ஒரு கிலோ அறுநூறு.
எங்கள் தராசில் அது சின்ன வஞ்சிரம்,
ஏலத்தில் தனியாகக்கூட வைக்க மாட்டார்கள்.
அம்மாவுக்குக் காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ்.
பிள்ளைக்கு உடம்புச் சூடு வேணும்,
உன்னுது போதும் என்றார்.

நான் ஐஸ் கம்பெனி, சிஸ்டர்.

முழங்கை வரை சோப்புப் போடச் சொன்னார்.
கழுவினேன். மீன் வாசம் போகவில்லை.
மறுபடி கழுவினேன்.
நெஞ்சு முடி மேல் தவளைக்குஞ்சு போலக் கவிழ்த்து
பழம்புடவையால் இறுக்கிக் கட்டினார்.
'கங்காரு மாதிரி. மூக்கு மட்டும் மூடாம பாத்துக்கோ.'

ரெண்டு மணி நேரம்
என் மூக்கு அரித்தது, சொறியவில்லை.
நான் மூச்சு இழுத்தால் ஏறினாள்,
விட்டால் இறங்கினாள்,
கரையில் கட்டிப்போட்ட ஃபைபர் போட்டு மாதிரி.
சிஸ்டர் வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.
'சூடாயிட்டா' என்றார்,
சாதம் வெந்துவிட்டது என்பதுபோல.
நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது வாரியக் குடியிருப்பு, மூன்றாவது மாடி.
ராத்திரி ரெண்டுக்குப் பால் கொடுத்து முடித்ததும்
என் பக்கம் நகர்த்திவிட்டு
பாதிக் கண்ணில் தூங்கிப்போவாள் நிரோஷா.
ஏப்பம் என் டூட்டி.
தோளில் போட்டுத் தட்டுவேன்,
சில நாள் காற்று வரும், சில நாள் பாலே வரும்.
கண்டெய்னர் லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும்,
பாப்பா அசைய மாட்டாள்.
கேட் அடைத்து ரோடு அமைதியானால்தான்
விழித்துக்கொண்டு கத்துவாள்.

தாலாட்டு எனக்கு வராது. தெரிந்தது ஏலம்.
காதோரமாய், சன்னமாய்:
ஆயிரம், ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு...
மூவாயிரத்துக்குள் கண் சொருகிவிடும்.
தடுப்பூசி போட்ட ராத்திரி மட்டும்
பதினெட்டாயிரம் வரை போச்சு.

பீத்துணி அலசிக் கொடியில் போடும்போது
'இன்னா மச்சி, ஆயா வேலையா?' என்றான் எதிர் வீட்டு டில்லி.
ஆமாண்டா என்றேன்.
மஞ்சளாப் போனா பயப்படாத,
வெள்ளையாப் போனா டாக்டர்கிட்ட ஓடு.
சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்.
அவன் பொண்டாட்டிக்கு ஏழாம் மாசம்.

முப்பத்தோரு நாள் கூலி போனது.
வேறாள் வைத்துவிட்டேன் என்றார் ஓனர்,
வைக்கவில்லை.
மறுபடி கொக்கி, மறுபடி பார், மறுபடி செத்த விரல்.

விடிந்து வேலை முடிந்ததும்
மார்க்கெட் முனையில் ஒரு டீ வாங்குகிறேன்.
குடிப்பதில்லை.
கிளாஸை வலது கையில் பொத்திக்கொண்டு நிற்கிறேன்,
வீட்டுக்குப் போனதும் தூக்கணுமே.
'ஆறிப்போச்சேப்பா, வேற போடட்டா?' என்கிறார் மாஸ்டர்.

போடுங்க.
இடது கை பாக்கி இருக்கிறது.